சைக்கிள் சென்சாரைப் பிரித்து மாற்றலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய ரோடு பைக்கின் இடப்பக்கச் செயின்ஸ்டேயில் (க்ராங்க் சுற்றும் நடு அச்சிலிருந்து பின்சக்கர அச்சுவரை ஓடும் குழாய்) மாட்டியிருந்த, வேகத்தையும் கேடன்ஸையும் (நிமிடத்துக்கு எத்தனை முறை பெடல் சுற்றுகிறது என்ற எண்) சேர்த்தே அளக்கும் கம்பியில்லா சென்சார் ஒன்று உங்களிடம் இருக்கிறது. பெட்டியிலிருந்து சக்கரத்தை நோக்கி ஒரு சின்னக் கை நீண்டிருக்கும் வகை. புதிதாக வாங்கிய 29 அங்குலச் சைக்கிளில் டயர் தடிமன், செயின்ஸ்டே விரிந்து நிற்கிறது, கை ஸ்போக் காந்தத்துக்கு எட்டவில்லை. க்ராங்கில், அதாவது பெடலைத் தாங்கும் தண்டில், டேப் போட்டு ஒட்டிய வட்டக் காந்தத்தால் கேடன்ஸ் 80 காட்ட வேண்டிய இடத்தில் சில நேரம் 160 காட்டுகிறது. பிரித்து ஒயர் இழுக்கலாமா, மழைக்காலத்தில் வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்கும் ஸ்பின் பைக்கிலும் இதையே மாட்டலாமா, இல்லை இதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காந்தமில்லாத சென்சார் வாங்கிவிடலாமா?

பிரிக்கலாம். ஆனால் உங்கள் பிரச்சினையில் பாதி பிரிக்காமலேயே தீர்ந்துவிடும். அது ஏன் என்று புரிய, அந்தப் பெட்டி என்ன வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆச்சரியமாக இருக்கும், அதற்கு வேகம் என்றால் என்னவென்றே தெரியாது.

உள்ளே இரண்டு ரீட் சுவிட்சுகள் இருக்கின்றன. பெட்டிக்குள் ஒன்று, கையின் நுனியில் ஒன்று. ரீட் சுவிட்ச் என்பது மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்த இரண்டு இரும்புத் தகடுகள், அவ்வளவுதான். காந்தம் பக்கத்தில் வந்தால் தகடுகள் ஒட்டும், போனால் விலகும். 1930களில் பெல் ஆய்வகத்தில் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவான பொருள் இன்றைக்கு உங்கள் பின்சக்கரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் சிப் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிக்கொள்கிறது, அது நடந்த நேரத்தையும் குறித்துக்கொள்கிறது. ஆன்ட் பிளஸ் என்ற கம்பியில்லா முறை ஆனாலும் ப்ளூடூத் ஆனாலும் காற்றில் போவது இந்த இரண்டும்தான்: இதுவரை எத்தனை சுற்று, கடைசிச் சுற்று எப்போது. நேரம் விநாடியில் 1024இல் ஒரு பங்கு என்ற அளவில் குறிக்கப்படும். 64 விநாடிக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும்.

ஓர் உதாரணம். ஒரு செய்தியில் சக்கர எண்ணிக்கை 1000, நேரம் 5000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்ததில் 1004, 6034. நான்கு சுற்று, 1034 துணுக்கு, அதாவது ஏறத்தாழ 1.01 விநாடி. சுற்றளவு 2105 மி.மீ. என்றால் 8.42 மீட்டரை 1.01 விநாடியில் கடந்திருக்கிறீர்கள்: மணிக்கு 30 கி.மீ. இந்தக் கணக்கைப் போடுவது ஹேண்டில்பாரில் இருக்கும் கம்ப்யூட்டரோ போனோதான், சென்சார் அல்ல. எண்ணிக்கை தொடர்ந்து கூடிக்கொண்டே போவதால் நடுவில் ஓரிரு செய்திகள் காற்றில் தொலைந்தாலும் தூரம் தொலையாது. அடுத்த செய்தியில் கணக்கு நேராகிவிடும்.

இதனால் நமக்குக் கிடைக்கும் சுதந்திரம் பெரியது. அந்த ‘டிக்’ எங்கிருந்து வருகிறது என்று சிப்புக்குத் தெரியாது. ஸ்போக்கிலிருந்து வந்தாலும், ஒரு மீட்டர் ஒயருக்கு அப்பாலிருந்து வந்தாலும், ஸ்பின் பைக்கின் இரும்புச் சக்கரத்திலிருந்து வந்தாலும் அதற்கு ஒன்றுதான். காந்தத்தை மாற்றுங்கள், சுவிட்சை நகர்த்துங்கள், ஒயரை நீட்டுங்கள். ரேடியோ பக்கம் மட்டும் கையை வைக்காதீர்கள்.

சரி, முதலில் 160. இதற்கு இரண்டு காரணம் இருக்க முடியும். ஒன்று, சுற்று ஒன்றுக்கு இரண்டு காந்தம் கடப்பது. சிரிக்காதீர்கள், பழைய காந்தத்தைக் கழற்ற மறந்துவிட்டுப் புதியதை ஒட்டி, ‘இன்றைக்குக் கால் நன்றாகச் சுழல்கிறதே’ என்று ஒரு காலை முழுக்கச் சந்தோஷப்பட்டவன் நான். அப்படி இல்லையென்றால் இரண்டாவது காரணம்: ஒரே காந்தம் ஒரு கடப்பில் சுவிட்சை இரண்டு முறை ஒட்டவைக்கிறது.

ரீட் சுவிட்சின் தகடுகள் ஒட்ட, காந்தப்புலம் அந்தக் குழாயின் நீளவாக்கில் ஓட வேண்டும். உங்கள் வட்டக் காந்தத்தின் துருவங்கள் இரண்டு தட்டை முகங்களிலும் இருக்கின்றன. அதன் முகம் குழாயின் நட்டநடுவுக்கு நேராக நிற்கும்போது புலம் குழாயைக் குறுக்கே துளைத்துப் போகிறதே தவிர நீளவாக்கில் ஓடுவதில்லை. எவ்வளவு வலுவான காந்தமாக இருந்தாலும் அந்த இடத்தில் சுவிட்ச் திறந்தே கிடக்கும். கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளினால் ஒட்டும், அந்தப் பக்கம் தள்ளினாலும் ஒட்டும். ஆகவே காந்தம் குழாயின் நீளத்தோடு நகர்ந்து போனால் ஒட்டி, விலகி, மறுபடி ஒட்டும்: ஒரு சுற்றுக்கு இரண்டு எண்ணிக்கை. குறுக்கே போனால், நடுவைத் தாண்டும்போது எதுவுமே பதிவாகாமல் போகலாம். முனையைத் தாண்டும்போது ஒரே ஒரு சுத்தமான ‘டிக்’ கிடைக்கும். சென்சாரின் மேல் இருக்கும் கோடு பெட்டியின் நடுவில் இல்லாமல் ஓரமாக இருந்தால் அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள், காந்தம் எங்கே கடக்க வேண்டும் என்று அது காட்டுகிறது.

காதில் கேட்டே பார்க்கலாம். அமைதியான அறையில் சென்சாரைக் காதருகே வைத்து, ஒரு காந்தத்தை மெதுவாகக் கடத்துங்கள். ரீட் சுவிட்ச் ஒட்டும் சத்தம் மெல்லியதாக, நகத்தால் கண்ணாடியைத் தொட்ட மாதிரி கேட்கும். எந்தத் திசையில், எந்த இடத்தில் ஒரு தடவை கேட்கிறது, எங்கே இரண்டு தடவை கேட்கிறது என்று ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். அந்த இடத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். பெரும்பாலும் சென்சாரைச் செயின்ஸ்டேயில் முன்னோ பின்னோ 5 முதல் 10 மி.மீ. நகர்த்தினாலே 160 மறைந்துவிடும். இன்னும் வலுவான காந்தம் போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் வலு கூடினால் ஓரத்தில் இருக்கும் பலவீனமான புலமும் சுவிட்சை ஒட்டவைக்கும் அளவுக்கு வந்துவிடும், இரட்டை எண்ணிக்கை அதிகமாகும். 3 முதல் 5 மி.மீ. இடைவெளி, நடுத்தரக் காந்தம், அது போதும்.

டேப்பையும் எடுத்துவிடுங்கள். இடது பெடலின் அச்சு முனை க்ராங்கின் உட்பக்கம் தெரியும் அல்லவா, ஆலன் சாவி போடும் குழி இருக்குமே, அந்த இடம். க்ராங்க் அலுமினியமாக இருந்தாலும் பெடல் அச்சு எஃகு. 10 மி.மீ. விட்டமுள்ள நியோடிமியம் வட்டு ஒன்றை அங்கே வைத்தால் தானாகவே கவ்விக்கொள்ளும், பசையும் வேண்டாம், கேபிள் டையும் வேண்டாம். டைட்டானியம் அச்சுள்ள விலை உயர்ந்த பெடலில் மட்டும் இது நிற்காது. வைத்தவுடன் க்ராங்கைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றி, எதிலும் உரசவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துடையுங்கள். சாலையில் கிடக்கும் இரும்புத்தூள் மீசை மாதிரி அதில் வளர்ந்துகொண்டே இருக்கும்.

இப்போது வேகம். சென்சாரின் கை எட்டாமல் போனது தற்செயல் இல்லை, வடிவக்கணக்கு. பெடல் அச்சு நடு அச்சிலிருந்து 17 செ.மீ. தள்ளிச் சுற்றுகிறது. ஆகவே கேடன்ஸ் பதிவாக வேண்டுமானால் சென்சாரும் அங்கேதான் இருந்தாக வேண்டும். செயின்ஸ்டே நீளம் 43 செ.மீ. என்று வைத்தால், சென்சார் இருக்கும் இடம் பின்சக்கர அச்சிலிருந்து 26 செ.மீ. தள்ளி. 29 அங்குல ரிம்மின் டயர் உட்காரும் விட்டம் 622 மி.மீ., அதாவது ஆரம் 31 செ.மீ. ஆகவே சென்சார் பார்ப்பது ரிம்முக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்போக்கை. ஸ்போக்குகள் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் அகலமாகத் தொடங்கி ரிம்மில் நடுக்கோட்டுக்கு வந்து சேர்பவை. ரிம்முக்கு அருகே அவை நடுக்கோட்டிலிருந்து 6 மி.மீ. அளவுக்குத்தான் விலகியிருக்கும். தடித்த டயருக்காகச் செயின்ஸ்டேயோ அந்த இடத்தில்தான் வெளியே தள்ளி நிற்கிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன, நடுவில் நிற்கும் கைக்கு எட்டவில்லை.

சென்சாரை 10 செ.மீ. பின்னால் நகர்த்தினால் ஸ்போக் 12 மி.மீ. நெருங்கி வரும், செயின்ஸ்டேயும் கொஞ்சம் உள்ளே வரும். வேகம் பதிவாகிவிடும். ஆனால் கேடன்ஸ் போய்விடும். பெரிய காந்தம் வைத்து எட்டிப் பிடிக்கவும் முடியாது. காந்தத்தின் அளவோடு ஒப்பிட்டால் தூரம் அதிகமாகும்போது புலம் ஏறத்தாழத் தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் சரியும்: இடைவெளி இரண்டு மடங்கானால் வலு எட்டில் ஒரு பங்கு. 3 செ.மீ. இடைவெளியைத் தாண்ட வேண்டுமென்றால் ஸ்போக்கில் ஒலிபெருக்கிக் காந்தத்தைத்தான் கட்ட வேண்டும், சக்கரம் ஆடும்.

இடைவெளி ஒரு செ.மீ.க்குள் என்றால் பழைய ட்யூபை நறுக்கி மடித்துச் சென்சாருக்கு அடியில் வைத்து உயர்த்திப் பாருங்கள். அதற்கும் மேல் என்றால் ஒயர்தான்.

பிரிக்கும் வேலைக்கு வருவோம். பேட்டரியை முதலில் கழற்றிவிடுங்கள். கையிலிருந்து பெட்டிக்குள் வரும் இரண்டு மெல்லிய ஒயர்கள் போர்டில் எங்கே சால்டர் ஆகியிருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதைக் கழற்ற வேண்டியதில்லை. ரீட் சுவிட்ச் சாதாரணமாகத் திறந்தே இருக்கும் சுவிட்ச் என்பதால், அதே இரண்டு புள்ளிகளில் இன்னொரு ரீட் சுவிட்சை இணையாகச் சேர்த்தால் போதும். எது ஒட்டினாலும் எண்ணிக்கை ஏறும். நாளைக்கே சென்சாரைப் பழைய சைக்கிளில் மாட்ட நினைத்தாலும் பழைய கை அப்படியே வேலை செய்யும்.

தனி ரீட் சுவிட்ச் சென்னையில் ரிச்சி தெருவில் கிடைக்கும். அலைய வேண்டாம் என்றால், கதவு திறந்தால் அலாரம் அடிக்கும் ஒயர் வைத்த காந்தச் சென்சார் வாங்குங்கள். உள்ளே இருப்பது அதே ரீட் சுவிட்ச்தான், பிளாஸ்டிக் உறையோடும் ஒயரோடும் வரும். வாங்கும்போது காந்தம் பக்கத்தில் இருக்கையில் இணைப்பு மூடுகிற வகைதானா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். வெறும் கண்ணாடிச் சுவிட்சாக வாங்கினால் கால்களை நேரடியாக வளைக்காதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். கண்ணாடிக்கும் வளைவுக்கும் நடுவில் குறடால் பிடித்துக்கொண்டு, அதற்கப்பால் வளையுங்கள். நான் முதலில் வாங்கிய ஐந்தில் மூன்றை அப்படித்தான் உடைத்தேன்.

ஒயர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வீட்டில் கிடக்கும் எதையும் எடுத்துவிடத் தோன்றும். நெட்வொர்க் கேபிளுக்குள் இருக்கும் ஒற்றைக் கம்பி சைக்கிள் அதிர்வில் சில மாதத்தில் உள்ளேயே ஒடிந்துவிடும். பழைய இயர்போன் ஒயரில் எனாமல் பூச்சு, சால்டர் ஒட்டாது. பல இழைகள் கொண்ட மெல்லிய ஒயரை வாங்கி, இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளுங்கள். அரை மீட்டரோ ஒரு மீட்டரோ, நீளத்தால் தொந்தரவு இல்லை. போர்டின் ஓரத்தில் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஓடும் செம்புக் கோடுதான் ஆன்டெனா. ஒயர் அதன்மேலோ அதன் பக்கத்திலோ போகக் கூடாது, எதிர்ப்பக்கமாக வெளியே கொண்டுவாருங்கள். ஆன்டெனாவை ஒட்டி உலோகம் வந்தால் அதன் அலைவரிசைப் பொருத்தம் கெட்டு, ஹேண்டில்பாருக்கே சிக்னல் வராமல் போகும். பெட்டியை விட்டு ஒயர் வெளியேறும் இடத்தில் உள்ளே ஒரு சின்ன முடிச்சு போட்டுவிட்டால் யாராவது இழுத்தாலும் சால்டர் தாங்கும்.

நீட்டிய சுவிட்சை பழைய பால்பாயின்ட் பேனாவின் குழாய்க்குள் விட்டு, செயின்ஸ்டேயின் பின்பகுதியில் ஸ்போக் காந்தத்துக்கு 4 மி.மீ. நெருக்கத்தில் வரும்படி கட்டுங்கள். ஸ்போக் காந்தத்தையும் ஹப் பக்கம் இறக்கி, இரண்டும் நேருக்கு நேர் வரும்படி செய்யுங்கள். மேலே சொன்ன ஒரு டிக், இரண்டு டிக் சோதனையை இங்கேயும் செய்யுங்கள்.

அடைப்பு வேலையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நானும் விட்டேன். பேட்டரி மிச்சமாக வேண்டும் என்பதற்காகச் சிப் இந்தச் சுவிட்ச் வழியாக மிக மிகச் சின்ன மின்னோட்டத்தைத்தான் விடும். அதனால் இரண்டு சால்டர் புள்ளிகளுக்கு நடுவில் ஒரு சொட்டு அழுக்குத் தண்ணீர் நின்றாலே அதற்குச் சுவிட்ச் மூடியிருப்பதுபோலத் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருநாள் நல்ல மழை. கேடன்ஸ் 85, நெஞ்சு படபடக்க மிதிக்கிறேன், வேகம் மட்டும் பூஜ்யம். காந்தம் நகர்ந்துவிட்டது என்று மூன்று இடத்தில் இறங்கித் தடவிப் பார்த்தேன், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து பிரித்தால் பேனாக் குழாய்க்குள் தண்ணீர். சுவிட்ச் நிரந்தரமாக மூடியிருப்பதாகச் சிப் நினைத்துக்கொண்டதால் புதிதாக எண்ண எதுவும் இல்லை.

அடைக்க எம்-சீலை நேராகக் கண்ணாடிமேல் அப்பாதீர்கள், இறுகும்போது விரிசல் வரலாம். சிலிக்கான் பசையை முதலில் சுற்றிப் பூசி, காய்ந்தபிறகு குழாயின் இரு முனைகளையும் எம்-சீலால் அடையுங்கள். சிலிக்கானிலும் காடி வாசம் அடிப்பது வேண்டாம், அதில் வரும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். டப்பாவில் நியூட்ரல் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். போர்டில் நீங்கள் சால்டர் வைத்த இடத்துக்கு ஒரு பூச்சு நெயில் பாலிஷ் போதும்.

ரீட் சுவிட்சுக்குப் பதில், காந்தப்புலத்தை மின்னணு முறையில் உணரும் ஹால் சென்சார் வைத்தால் உடையாதே என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் ஹால் சென்சாருக்குத் தொடர்ந்து மின்சாரம் வேண்டும். பட்டன் பேட்டரிக்கு ஏற்ற சிக்கன வகைகள் சில, விநாடிக்கு 20 முறை மட்டும் கண்விழித்துப் பார்த்துவிட்டுத் தூங்கிவிடும். அச்சிலிருந்து 20 செ.மீ. தள்ளியிருக்கும் காந்தம், நீங்கள் 30 கி.மீ. வேகத்தில் போகும்போது விநாடிக்கு 5 மீட்டர் நகர்கிறது. 2 செ.மீ. அளவுள்ள பார்வை எல்லையை 4 மில்லிவிநாடியில் தாண்டிவிடும். 50 மில்லிவிநாடிக்கு ஒருமுறை கண்விழிப்பவன் அதைப் பார்ப்பது அதிர்ஷ்டம். ரீட் சுவிட்ச் மின்சாரமே இல்லாமல் காத்துக்கிடக்கும்.

பேட்டரியைப் பற்றி இரண்டு விஷயம். உள்ளே இருப்பது சிஆர்2032, 3 வோல்ட், சுமார் 225 மில்லி ஆம்பியர் மணி. அதே அளவில் எல்ஐஆர்2032 என்று சார்ஜ் செய்யக்கூடிய ஒன்று விற்கிறது, வாங்காதீர்கள். முழுசாகச் சார்ஜ் ஆனால் அது 4.2 வோல்ட். இந்த வகைச் சென்சார்களில் அதிகம் புழங்கும் நார்டிக் சிப்புகள் தாங்குவதோ 3.6 வோல்ட் வரைதான். இரண்டாவது, வண்டியை நிறுத்தும்போது காந்தம் சரியாகச் சென்சாருக்கு நேராக நின்றால் சுவிட்ச் மூடியே கிடக்கும், மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் ஒரு மெகா ஓம் என்றால் இது ஒன்றுமே இல்லை. மலிவான வடிவமைப்பில் 10 கிலோ ஓம் போட்டிருந்தால் 300 மைக்ரோ ஆம்பியர், ஒரே மாதத்தில் புதுப் பேட்டரி காலி. ‘ஓட்டாமலேயே பேட்டரி தீர்ந்துவிடுகிறது’ என்று புலம்புகிறவர்கள் பெடலைக் கால் சுற்று தள்ளி நிறுத்திப் பார்க்கலாம்.

ஸ்பின் பைக்குக்கு வருவோம். பெரும்பாலான வீட்டு ஸ்பின் பைக்குகளில் திரைப்பெட்டிக்குப் போகும் ஒயர் இரண்டு முனை ஜாக்கில்தான் முடியும், அதன் மறுமுனையில் இருப்பதும் ஒரு ரீட் சுவிட்ச். சென்சார் பெட்டியில் அந்த ஜாக்குக்கு ஒரு சாக்கெட் வைத்து, முன்பு சொன்ன இரண்டு புள்ளிகளில் இணையாகச் சேர்த்தால் வேலை முடிந்தது. வெயில் காலத்தில் சைக்கிளில், ஐப்பசி மழையில் ஜாக்கைச் செருகிவிட்டு வீட்டுக்குள்.

ஆனால் வேகப் புள்ளியிலா, கேடன்ஸ் புள்ளியிலா? ஜாக்கின் இரண்டு முனைகளில் மல்டிமீட்டரைப் பீப் அடிக்கும் நிலையில் வையுங்கள். பெடலைக் கையால் ஒரே ஒரு சுற்று சுற்றுங்கள். ஒரு பீப் வந்தால் காந்தம் பெடலோடு சுற்றும் கப்பியில் இருக்கிறது. அந்தத் திரை இதுவரை காட்டிய ‘வேகம்’ எல்லாம் கேடன்ஸை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கியதுதான். அதைக் கேடன்ஸ் பக்கம் இணையுங்கள். மூன்று, நான்கு பீப் வந்தால் காந்தம் கனச் சக்கரத்தில், அதை வேகப் பக்கம் இணையுங்கள். நான்கு என்றால், 90 கேடன்ஸில் கனச் சக்கரம் நிமிடத்துக்கு 360, விநாடிக்கு 6 சுற்று. அந்த மிதிப்பு 30 கி.மீ. வேகத்துக்குச் சமம் என்று நீங்களாகவே முடிவு செய்தால் சுற்றளவாக 1390 மி.மீ. என்று கம்ப்யூட்டரில் போட வேண்டும். உண்மையான வேகம் இல்லை அது, பிரேக்கை எவ்வளவு இறுக்கியிருக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிட்டுக்கொள்ள மட்டும் உதவும்.

காந்தமில்லாத சென்சார் வாங்கலாமா என்ற கேள்விக்கு: சால்டரிங் அயர்ன் வீட்டில் ஏற்கெனவே இல்லையென்றால், வாங்குங்கள். இதற்காக மட்டும் அயர்ன், ஈயம், மல்டிமீட்டர் எல்லாம் வாங்குவது ஆசைக்காகச் செய்வது, சிக்கனம் இல்லை. ஹப்பில் ரப்பர் வளையத்தால் கட்டும் வகை இரண்டு நிமிட வேலை. அதற்குள் இருப்பது இயக்கத்தை உணரும் சிப் என்பதால் அதில் மாற்றியமைக்க நமக்கு எதுவும் இல்லை, எங்கே மாட்டுகிறோம் என்பதைத் தவிர. சிலர் ஹப்பில் இடமில்லை என்று ஸ்போக்கில் கட்டுகிறார்கள். 60 கி.மீ. வேகத்தில் இறக்கத்தில் போகும்போது சக்கரம் விநாடிக்கு 8 சுற்று. அச்சிலிருந்து 3 செ.மீ.யில் இருக்கும் சென்சார் உணரும் மையவிலக்கு இழுப்பு புவியீர்ப்பைப் போல் 8 மடங்கு. அதையே 30 செ.மீ.யில் ரிம் பக்கம் கட்டினால் 70 மடங்கைத் தாண்டும். இந்த வகைச் சிப்புகள் பலவற்றின் அளவெல்லை 16 மடங்கு. அதற்கப்பால் அது காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை, கட்டு அவிழ்ந்தால் சென்சார் போய் விழும் தூரத்துக்குத்தான் அர்த்தம் உண்டு.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், பழைய சென்சாரைக் கேடன்ஸுக்கும் ஸ்பின் பைக்குக்கும் வைத்துக்கொண்டு, வேகத்துக்கு ஹப் வகை ஒன்று வாங்குவேன். கம்ப்யூட்டரில் பழைய சென்சாரின் வேகத்தை அணைத்துவிட முடியுமா என்று மட்டும் முதலில் பாருங்கள். முடியாவிட்டால் இரண்டில் எதை நம்புவது என்று தெரியாமல் சில கருவிகள் பூஜ்யத்துக்கும் 28க்கும் நடுவே தாவும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நிச்சயம் விட்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. சுற்றளவை மாற்றினீர்களா? பழைய 700×25சி டயருக்கு 2105 போட்டிருப்பீர்கள். 29×2.1 டயருக்கு அட்டவணையில் இருப்பது 2288. மாற்றாமல் விட்டால் நிஜத்தில் 30இல் போகும்போது 27.6 என்று காட்டும். 100 கி.மீ. ஓட்டினால் 8 கி.மீ. உங்கள் கணக்கில் வராது. அட்டவணையையும் அப்படியே நம்ப வேண்டாம். வழக்கமான காற்றடித்து, வால்வு தரையைத் தொடும் நிலையில் தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். நீங்கள் ஏறி உட்கார்ந்து, யாராவது பிடித்துக்கொள்ள, நேராக மூன்று சுற்று உருட்டி, வால்வு மறுபடி கீழே வந்த இடத்தில் இன்னொரு கோடு. நடுவில் உள்ள தூரத்தை மூன்றால் வகுத்துவிடுங்கள். ஆள் ஏறினால் டயர் அமுங்கும், சுற்றளவு சில மி.மீ. குறையும். அதுதான் உங்கள் எண்.

எல்லாம் முடிந்ததும் சாலைக்கு ஓடாதீர்கள். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தபடி பெடலைக் கையால் விநாடிக்கு ஒரு சுற்று சுற்றுங்கள். 60 வர வேண்டும், ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம். பின்னர் ஓர் அரைக் குவளைத் தண்ணீரைச் சுவிட்ச் மேல் ஊற்றிவிட்டு மறுபடி சுற்றிப் பாருங்கள். அப்போதும் 60 வந்து, வேகமும் பூஜ்யமாகாமல் இருந்தால் மழையில் எடுத்துக்கொண்டு போகலாம். ஸ்பின் பைக் ஜாக்கில் எத்தனை பீப் வந்தது என்று சொல்லுங்கள், அதற்கான சுற்றளவை நான் கணக்குப் போட்டுத் தருகிறேன்.